மழை நாள் நடை

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் ரப்பர் பால் சிரட்டையில் வடியாமல் மரமெல்லாம் வழிந்து வீணாய்ப் போகும். அதனால் ஹல்கந்தைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான பணியக்கணக்கில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பிராக்களின் லயத்தில், மழையை மனசார வாழ்த்தியவர் எவரும் இல்லை. விடியற்காலையில் தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டால் காம்பிராவுக்குக் காம்பிரா வானத்துக்கு ஏச்சுத்தான். அந்த வருஷத்து வைகாசி மழையை மட்டும் ஒருத்தி ஏசவில்லை. அவள் யோகராஜின் பெண்சாதி கிருஷ்ணகுமாரி.

குமாரி ஒரு காலத்தில் நல்ல வெட்டுக்காரி. அவள் கத்தியை இழுத்தால் பட்டை மெல்லிய சீவலாய்ச் சுருண்டு விழும், உள்ளே கட்டையில் கீறல் படாது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் கட்டை தெரிய மரத்தை வெட்டிவைத்தாள். அடுத்த நாளும் அதே கதை. "நெனப்ப எங்க வச்சிக்கிட்டு வெட்டுற?" என்று கங்காணி கத்தினார். நினைப்பு மரத்தில்தான் இருந்தது, கைதான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. பிறகு ஒரு கண்ணில் புகை மூடினாற்போல் ஆயிற்று. அது தெளிவதற்குள் இடது கால் இழுத்துக்கொண்டது. லயத்தில் எல்லாரும் வாதம் என்றார்கள். எண்ணெய் போட்டார்கள், வேது பிடித்தார்கள், அரநாயக்கப் பக்கம் வெதமாத்தயா என்கிற சிங்கள நாட்டுவைத்தியரிடம் கூட்டிப்போய்க் கஷாயம் வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய் மூளையைப் படம் பிடித்த பிறகுதான் அதற்கு எம்.எஸ். என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. ஊசி போட்டார்கள். கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கூடவே முகம் ஊதி, இரத்தத்தில் சீனியும் ஏறியது.

மீதியை யோகராஜின் அக்கா இருளாயி பார்த்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பிராக்காரி, புருஷனைப் பறிகொடுத்தவள், வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. நோயாளியை உட்காரவைத்து ஊட்ட வேண்டும் என்பது அவள் சட்டம். டின்பால் ஊற்றிய தேத்தண்ணி, சீனி தொட்டுக்கொள்ள ரொட்டி, மத்தியானத்துக்குக் குவித்த சோறு. குமாரி ஒரு வாளியைத் தொட்டாலே "ஒக்காருடி, நான் செத்தா போயிட்டேன்" என்று அதட்டுவாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து குமாரி பெருத்தாள். காலோ இன்னும் மெலிந்தது.

வைகாசி பிறந்த சமயம் மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே மஸீஹா என்று ஒரு பிள்ளை இருந்தாள், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிரிவில் வேலை. குமாரியின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது வாதம் இல்ல. கரண்ட் வயருக்கு மேல ரப்பர் உறை இருக்குமே, ஒங்கட நரம்புக்கும் அப்பிடி ஒரு உறை இருக்கு. அது அங்கங்க உரிஞ்சு போயிருக்கு. அதாலதான் மூளை சொல்றது காலுக்குச் சரியாப் போய்ச் சேர மாட்டேங்குது."

இருளாயி மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நாலு தலமொறயா நாங்க வெட்டுன பாலெல்லாம் சீமைக்குப் போச்சு. இவ நரம்புக்கு ஒரு சாண் உறைக்கு வழியில்லாமப் போச்சே புள்ள."

மஸீஹாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "உரிஞ்ச உறைய என்னால ஒட்ட ஏலாது அம்மா. ஆனா இருக்கிற காலக் காப்பாத்தலாம். அக்கா இனி உக்காந்தே இருக்க வேணாம். எக்சைஸ் செய்யணும். காலுக்கும் நல்லம், சீனிக்கும் நல்லம்."

"பால் வாளியத் தூக்கிக்கிட்டு மல ஏறி எறங்குனவளுக்கு எக்சைஸா? அதச் செஞ்சு செஞ்சுதானம்மா இப்பிடிக் கெடக்குறா."

"அது வேலை. களைச்சாலும் நிப்பாட்ட விட மாட்டாங்க. இது அப்பிடி இல்ல, களைச்சா நிப்பாட்டி இருந்திட்டுச் செய்றது."

செய்தும் காட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து எழும்புவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, பழைய சைக்கிள் டியூப்பைக் கதவு நிலையில் கட்டி இழுப்பது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் நடை. யோகராஜைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தனியாகவும் சொன்னாள்.

"அண்ணன், ரெண்டு விஷயம். ஒண்டு, அக்காவத் தனிய செய்ய விடாதீங்க. பக்கத்துல கை குடுக்க ஆள் வேணும். மற்றது, காலையில செய்ங்க, குளிரா இருக்கிற நேரம். வெயில் அக்காவுக்குக் கூடாது. கழுத்துல ஈரத்துணி ஒண்டு போட்டுக்கோங்க."

யோகராஜ் தலையை ஆட்டினான். வெயில் ஏன் கூடாது என்று அவன் கேட்கவில்லை. நோயாளி வாடாமல் இருக்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வீடு வந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழை. மலைக்கு மலை வெள்ளை விழுதாய் இறங்கியது, வாசலோரத்து வடிகால் கானெல்லாம் செம்மண் தண்ணீர். காலையில் பேர் பதிகிற பிரட்டுக்களத்துக்கு வரச்சொல்லி ஊதுகிற கொம்புச் சத்தமே இல்லை. யோகராஜ் வெட்டுக்கத்தியைத் தீட்டித் தீட்டிச் செருகிவைத்தான். சும்மா இருக்கிற கைக்கு வேலை வேண்டுமே, குமாரியை எழுப்பினான்.

முதல் நாள் அவள் நாற்காலியிலிருந்து எழும்பவே பட்ட பாடு சொல்லி மாளாது. அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். எழுந்தாள், உட்கார்ந்தாள், மூச்சு வாங்கினாள்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு நேரம் கையப் புடிக்கலியே நீங்க" என்றாள்.

"அன்னைக்கு நீ ஓடிற மாட்டேன்னு தைரியம் இருந்துச்சு."

"இப்ப ஓடிருவேனா?"

"ஓடிக் காட்டு பாப்போம்."

குமாரி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோகராஜுக்குத் திக்கென்றது.

மழை விடவில்லை, அவர்களும் விடவில்லை. இஸ்தோப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். பிறகு வாசல் கான் வரைக்கும். ஆனி கழியுமுன் லயத்துக்குக் கீழே இருக்கிற பீலிக்கே போய்விட்டாள். மலைத்தண்ணீர் கொட்டுகிற அந்தப் பீலிக்கு இறங்கக் கல்படி உண்டு. யோகராஜ் ஒரு கையில் குடையும் மறுகையில் அவளுமாய் இறங்கினான். பீலித் தண்ணீரைக் கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு குமாரி அழுதாள். நோய் வந்த பிறகு அவள் அந்தத் தண்ணீரைத் தொட்டதில்லை.

சம்பளம் இல்லாத வீட்டில் டின்பாலுக்கு எங்கே போவது? பிலாக்காயும் கீரையும் குரக்கன் ரொட்டியும்தான். "புருஷனும் பெண்சாதியும் பட்டினி கெடந்து டான்ஸ் ஆடுறாங்க" என்று இருளாயி லயமெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஆனால் கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. மஸீஹா குமாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் குமாரி யன்னலோரம் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னாள்.

"பால்வெட்டு இனி ஏலாதுங்க. அது தெரியும். ஆனா பிள்ளக்காம்பிராவுல ஆயம்மா வேல கேக்கலாமே. தொட்டில ஆட்டத்தான? பிரட்டுக்கு நடந்து போயி நின்னா, தொரை பாத்தா, குடுக்காமலா போவாரு?"

"நின்னு காட்டு. நான் கேக்குறேன்."

அந்த ஆசைதான் அந்த வீட்டில் விளக்காய் எரிந்தது. காம்பிரா தோட்டத்தின் சொத்து, தோட்டத்தில் பேர் உள்ளவனுக்குத்தான் அது. குமாரியின் பேர் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் யோகராஜுக்கும் நிறைய நாள் போயிருந்தது. "இனியும் இப்பிடியே போனா ஒன் பேரையும் வெட்டித்தான் ஆகணும் யோகராஜ். பொறவு காம்பிராவுக்கு நான் பொறுப்பில்ல" என்று கணக்கப்பிள்ளை சொல்லிவைத்திருந்தார்.

ஆடி பாதியில் மழை ஓய்ந்தது. லயமே வெளியில் வந்து வெயிலைப் பார்த்துச் சிரித்தது. கொம்பு ஊதியது. யோகராஜுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். விடியுமுன் கத்தியும் வாளியுமாய் மலையேறினான். வெயில் ஏறினால் மரம் பாலை அடக்கிக்கொள்ளும், அதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். இருளாயியும் அந்த நேரத்துக்கே தோட்டத்தின் மேல்பக்கத்துத் தேயிலை மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். குளிர்ந்த நேரத்தில் குமாரிக்குக் கை கொடுக்க லயத்தில் ஓர் ஆள் இல்லை.

மஸீஹா சொன்ன இரண்டில் எதை விடுவது என்று யோகராஜ் யோசித்தான். தனியே செய்து விழுந்தால் எலும்பு போகும். வெயிலில் செய்தால் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதானே. நம் சனத்துக்கு வேர்வை புதுசா என்ன? பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் அவன் வந்த பிறகு செய்வது என்று முடிவாயிற்று.

"வேர்த்தா நல்லதுடா தம்பி" என்று இருளாயி அதற்கு ஒத்து ஊதினாள். "காச்சலே வேர்த்துத்தான எறங்குது? சீனியும் அப்பிடித்தான் எறங்கும்." நுவரெலியாவிலிருந்து யாரோ கொடுத்த கம்பளிச் சுவெட்டர் ஒன்று அவளிடம் கிடந்தது. அதைக் கொண்டுவந்து தன் கையாலேயே குமாரிக்கு மாட்டிவிட்டாள். ஈரத்துணியை எடுத்துக் கொடியில் போட்டாள்.

மத்தியானத்துத் தகரம் எப்படிச் சுடும் என்று அதற்குக் கீழே இருந்தவனுக்குத்தான் தெரியும். அந்தத் தகரத்துக்குக் கீழே, அந்தச் சுவெட்டரோடு, குமாரி உட்கார்ந்து எழுந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டக் கொட்ட யோகராஜின் முகம் மலர்ந்தது. "எறங்குது பாரு" என்பான். ஆனால் கால் முன்னைப்போல் வரவில்லை. பீலி வரைக்கும் போன நடை வாசல் கானோடு நின்றது. பிறகு இஸ்தோப்போடு நின்றது. நோய் முற்றுகிறது என்று அவன் பயந்தான். பயந்ததால் இன்னும் கூடுதலாய்ச் செய்யவைத்தான். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகுமே என்று அதையும் தள்ளிக்கொண்டே வந்தான்.

குமாரி ஒருநாள் இருளாயியிடம் கேட்டாள். "மதினி, மழ இனி எப்ப வரும்?"

"ஏன்டி, எங்க வயித்துல அடிக்கவா?"

குமாரி சிரித்துவிட்டுப் பேச்சை விட்டுவிட்டாள். பிறகு அவள் அதைக் கேட்கவேயில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையும் பொய்த்துப்போயிற்று. மாசியில் ரப்பர் மரங்கள் இலை கொட்டின. மலை மொட்டையாய் நிற்க, இருந்த கொஞ்ச நிழலும் போயிற்று. அன்றைக்கு யோகராஜ் வேலை முடிந்து வந்து சாப்பிடக்கூட இல்லை. வழியில் தொரையைப் பார்த்திருக்கிறான், பிள்ளைக்காம்பிராவில் ஓர் ஆள் தேவைதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் பறந்து வந்தான்.

"வா, இன்னைக்குப் பீலி வரைக்கும் போறோம்."

"இன்னைக்கு ஏலாதுங்க."

"நேத்தும் இதத்தான் சொன்ன. பீலிக்குப் போன காலு இது. நாம விட்டா அதுவும் நம்மள விட்டுரும்."

"கண்ணு மங்குதுங்க."

"வெயிலு கூசுது, வேறென்ன. ஒரே ஒரு நடை புள்ள. எனக்காக."

எனக்காக என்று சொன்ன பிறகு அவள் என்ன செய்வாள். கையைக் கொடுத்தாள். கல்படி வரைக்கும் வந்துவிட்டாள், அதுவே பெரிது. முதல் படியில் கால் வைத்தபோது இரண்டு முழங்காலும் ஒன்றாய் மடிந்தன. யோகராஜ் இறுக்கித்தான் பிடித்தான். வேர்த்துப்போயிருந்த கை வழுக்கிக்கொண்டு போயிற்று.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். படுத்தே கிடந்ததில் சீனி மறுபடி ஏறி, சீனியால் தையல் போட்ட இடம் ஆறாமல் சலம் வைத்து, வாரக்கணக்கில் வார்டில் கிடந்தாள். இருந்த கொஞ்சச் சதையும் காலைவிட்டுப் போயிற்று. இனி எழுந்து நிற்பது கஷ்டம் என்று டாக்டர் பதமாய்த்தான் சொன்னார். எப்படிச் சொன்னாலென்ன.

மஸீஹா கேள்விப்பட்டு வார்டுக்கு வந்தாள். குமாரி மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு நல்லா நடந்தாங்களே அண்ணன். எப்பிடி விழுந்தாங்க?"

"நோய் முத்திருச்சுங்க. மழை விட்டதுலேர்ந்தே கால் ஒத்து வரல. நானும் ஒரு நாள் விடாமச் செய்ய வச்சேன்."

"எந்த நேரத்துல செஞ்சீங்க?"

யோகராஜ் சொன்னான். மத்தியானத்தைச் சொன்னான், தகரத்தைச் சொன்னான், வேர்க்கட்டும் என்று சுவெட்டர் போட்டதையும் ஒளிக்காமல் சொன்னான். மஸீஹா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உறை உரிஞ்ச நரம்பு சூட்டுல வேலை செய்யாது அண்ணன். ஒடம்பு சூடாகினா காலும் விட்டுரும், கண்ணும் மங்கும். குளிர்ந்தா திரும்பி வந்துரும். அதுக்குத்தான் காலையில செய்யச் சொன்னேன். நோய் கூடல்ல. சூட்டுல மட்டும்தான் கால் விட்டிருக்கு."

"அப்ப மழையில நடந்தாளே?"

"அதுதான் அக்காட உண்மையான கால்."

யோகராஜ் எழுந்து வெளியே போனான். வராந்தாவில் சுவரோடு சாய்ந்து, ஆட்கள் போகிறார்கள் வருகிறார்கள் என்றும் பாராமல், தலையில் அடித்துக்கொண்டு அழுதான். வெயில் ஏறினால் மரம் பால் தராது என்று தெரிந்து, அந்த வெயிலுக்கு முந்தியே வாழ்நாளெல்லாம் ஓடியவன் அவன். கட்டினவளை அதே வெயிலில் நிற்கவைத்து நடக்கச் சொன்னானே. மஸீஹா பின்னால் வந்து நின்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

குமாரி விழித்த பிறகு அவன் கேட்டான். "ஒனக்குத் தெரியுமா குமாரி?"

"என்னதுங்க?"

"வெயில்லதான் ஒனக்கு ஏலாமப் போச்சுன்னு."

"நோயி கத எனக்கென்ன தெரியும். ஆனா காலையில நீங்க போன பொறவு கால் நல்லாத்தான் இருக்கும். வெயில் ஏறத்தான் செத்துப் போவும். அது தெரியும்."

"ஏன் புள்ள சொல்லல?"

"சொன்னா காலையில எங்கூட நின்னுருப்பீங்க."

"நின்னுருப்பேன்தான்."

"நின்னா ஒங்க பேரையும் வெட்டிருவாங்க. பொறவு காம்பிராவும் இல்லாம ரோட்டுலயா நடக்குறது?" அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். "மழ வந்தா சரியாயிரும்னு இருந்தேன். எப்பிடியும் வைகாசில வரும்தானேன்னு. அதுக்குள்ள விழுந்துட்டேன். அழாதீங்க. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க."

அடுத்த வைகாசிக்கு அவள் வீட்டில்தான் இருந்தாள். சுவர் ஓரக் கட்டிலில், கதவு வழியே பீலிப் பக்கம் தெரியும்படி படுக்கவைத்திருந்தார்கள். பிள்ளைக்காம்பிராவுக்கு வேறொரு பெண் போய்விட்டாள். விடியற்காலையில் தகரத்தில் மழை இறங்கியது. காம்பிராவுக்குக் காம்பிரா ஏச்சு கேட்டது. இருளாயி மட்டும் வாய் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய வாசலில் உட்கார்ந்து பிலாக்காய் அரிந்தாள். அந்தச் சுவெட்டரை அவள் எரித்துப் பல நாளாகிறது.

"மழதானங்க?" என்றாள் குமாரி.

"மழதான்."

"கொம்பு ஊதலியே?"

"இல்ல."

"அப்ப வாங்க."

யோகராஜ் சைக்கிள் டியூப்பைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையை அவள் கையில் கொடுத்தான். இனி அவளுக்குக் கை மட்டும்தான். இரத்தத்தில் ஏறிய சீனிக்காகவாவது அதைச் செய்யச் சொல்லி மஸீஹா வந்து காட்டிவிட்டுப் போயிருந்தாள். குமாரி இழுத்தாள், விட்டாள், மூச்சு வாங்கினாள். போர்வைக்குள் கால் ஆடாமல் கிடந்தது. அவன் அதைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்குக் கை நல்லா வருதுங்க" என்றாள்.

"வருது."

அப்போது மழை விட்டது. விட்டதும் வெயில் சுள்ளென்று அடித்தது. பட்டை காய்ந்துவிடும், தாமதமானாலும் வெட்டலாம். சற்று நேரத்தில் மேட்டிலிருந்து கொம்பு ஊதினார்கள். லயத்துக் கதவுகள் படபடவென்று திறந்தன. யோகராஜ் எழவில்லை.

குமாரி டியூப்பைக் கைவிட்டாள். "போயிட்டு வாங்க. பேர் போயிரும்."

"இன்னும் கொஞ்சம் செஞ்சிட்டு..."

"போங்க. நாளைக்கும் பேயும்."

அவன் வாசல் பீப்பாவிலிருந்த மழைத்தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவள் கழுத்தில் போட்டான். நுனியைச் சரிசெய்தான். கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மலையில் ஏறினான். முன்னால் போனவர்கள் ஈரமெல்லாம் ஆவியாய்ப் பறப்பதைக் காட்டி, இனி நல்ல வெயில்தான் என்று சந்தோஷமாய்ப் பேசிக்கொண்டு போனார்கள். யோகராஜ் முதல் மரத்தடியில் நின்றான். மேற்கே கலவானப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. அது இந்தப் பக்கம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மரத்தில் கத்தியை வைத்தான்.